கோட்டுத் தெருவுக்கு ஒரு வண்டி

மேற்கு நகரத்துக்கும் கிழக்கு நகரத்துக்கும் நடுவே மலை இல்லை, ஆறு இல்லை, ஒரு முள்வேலிகூடக் கிடையாது. ஒரு தெருதான் இருக்கிறது. தெருவின் நடுவே யாரோ என்றைக்கோ இழுத்துவிட்டுப் போன ஒரு வெள்ளைக் கோடு. அதனால் அதற்குக் கோட்டுத் தெரு என்று பெயர். கோட்டுக்கு மேற்கே இருக்கும் வீடுகள் மேற்கு நகரத்துக்கு வரி கட்டும். கிழக்கே இருப்பவை கிழக்கு நகரத்துக்குக் கட்டும். குப்பை வண்டி தனித்தனி, தண்ணீர்க் குழாய் தனித்தனி. இதிலெல்லாம் யாருக்கும் பெரிய கஷ்டம் இல்லை. குப்பை ஒரு நாள் காத்திருக்கும். மூச்சு காத்திருக்காது பாருங்கள், அங்கேதான் வம்பு.

கோட்டுத் தெருவிலிருந்து யாராவது அவசர எண்ணுக்குப் போன் போட்டால், அது எந்த நகரத்து அறையில் போய் மணியடிக்கும் என்று அந்தப் போனுக்கே தெரியாது. எந்த டவர் முதலில் கையில் சிக்குகிறதோ அங்கே போய் விழும். கிழக்கு வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போட்ட போன் மேற்கு அறையில் அடிக்கும். "இது எங்க ஏரியா இல்லைங்க, அங்க போடுங்க" என்பார்கள். அங்கே போட்டால் மறுபடியும் இங்கேயே வந்து விழும். அதற்குள் நெஞ்சு தானாக ஒரு முடிவுக்கு வந்திருக்கும்.

நம் கதைக்காரி மேற்கு நகரத்தின் அவசர அறையில் போன் எடுப்பவள். பழக்கதோஷம், வீட்டில் கதவைத் தட்டினாலும் "ஹலோ, என்ன அவசரம், எங்கேர்ந்து பேசறீங்க?" என்றுதான் திறப்பாள். அதனால் தெருவில் அவளுக்கு ஹலோ என்றே பெயர் நிலைத்துவிட்டது. வேலை மேற்கில் என்றாலும் குடியிருப்பது கோட்டுத் தெருவின் கிழக்கு வரிசையில், அப்பாவோடு. அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊர்ப்பட்ட புகையையும் புழுதியையும் உள்ளே இழுத்ததில் அவருக்கு வீசிங். வந்தால் லேசில் விடாது. சட்டைப் பையில் இன்ஹேலர் இருக்கும், அதுவும் சில நாள் கேட்காது. அப்போது ஆக்சிஜன் வைத்த வண்டி ஒன்றுதான் கதி.

அந்த வீட்டு மாடியில் ஒரு காலத்தில் ஒருவர் குடியிருந்தார். ஒரே ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்த ஆள். அதே அவசர அறையில்தான் அவருக்கும் வேலை, ஹலோவுக்குப் பக்கத்து நாற்காலி. நாதியில்லாத பிள்ளை என்று அப்பா அவருக்குத் தன் தட்டுக்குப் பக்கத்திலேயே தட்டு போட்டார். "பெரியவனே" என்று கூப்பிட்டார். ஹலோவுக்கு அவர் மாடி அண்ணன்.

ஒரு தடவை அப்பாவுக்கு மூச்சு திணறியபோது மாடி அண்ணன்தான் போன் போட்டார். மேற்கு கிழக்கைக் காட்டியது, கிழக்கு மேற்கைக் காட்டியது. கடைசியில் அப்பாவைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு செருப்புகூட இல்லாமல் மருத்துவமனைக்கு ஓடினார். அப்பா பிழைத்தார். அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். மறுநாளே ஒரு லைன்மேனைக் கெஞ்சிக் கூத்தாடி, எங்கோ கிடந்த ஒரு பழைய பச்சை நிறப் போனைக் கொண்டுவந்து ஹலோவின் மேசையில் வைத்தார். அதன் மறுமுனை கிழக்கு நகரத்து அறையில், அங்கே போன் எடுக்கும் ஒரு அம்மாளின் மேசையில். ஹலோ அவரைக் கண்ணால் பார்த்ததில்லை. கிழக்கக்கா என்று கூப்பிடுவாள்.

அதற்கப்புறம் கோட்டுத் தெரு போன் எங்கே விழுந்தாலும் கவலையில்லை. பச்சை போனைத் தூக்கி, "அக்கா, கோட்டுத் தெரு, உங்க பக்கம், தையல் கடைக்கு மேல, மூச்சு" என்பாள். "வண்டி கிளம்பிருச்சு தங்கம்" என்று பதில் வரும். கிழக்கு வண்டி தூரத்தில் இருந்தால் மேற்கு வண்டி போகும், மேற்கு வண்டி இல்லாவிட்டால் கிழக்கு வண்டி வரும். யார் உத்தரவு, யார் கையெழுத்து என்று ஒரு பேச்சு கிடையாது. காதும் காதும் வைத்தாற்போல நடந்துகொண்டிருந்தது. அதனால் எத்தனை பேர் இன்றைக்கும் கோட்டுத் தெருவில் உட்கார்ந்து அரட்டை அடிக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

நல்லது நடக்கிற இடத்தைப் பெரியவர்கள் சும்மா விடுவார்களா? ஒருநாள் இரண்டு நகரங்களும் கூடி, இரண்டு அவசர அறைகளையும் ஒன்றாக இணைக்கலாமா என்று ஆராய ஒரு குழு போட்டன.

முதல் கூட்டத்தை எங்கே நடத்துவது என்பதிலேயே குழு திணறியது. மேற்கில் நடத்தினால் கிழக்கின் மானம் போகும், கிழக்கில் நடத்தினால் மேற்கின் மானம் போகும். கடைசியில் அவரவர் ஊரில் அவரவர் உட்கார்ந்துகொண்டு போனில் கூட்டம் நடத்துவதென்று முடிவாயிற்று. தலைவர் "எல்லாருக்கும் கேக்குதா?" என்று ஆரம்பித்தார். கிழக்கிலிருந்து "உங்களுக்குக் கேக்குதா?" என்று பதில் வந்தது. மதியச் சாப்பாடு வரை இதுவே நடந்தது. அப்புறம் லைன் அறுந்துவிட்டது. இரண்டு பக்கமும் கைதட்டினார்கள். 'பயனுள்ள கலந்துரையாடல்' என்று பத்திரிகைக்குச் செய்தி போயிற்று.

அடுத்து, இணைந்த சேவைக்குப் பெயர். மேற்கு-கிழக்கு அவசர சேவை என்றால் கிழக்குக்குக் கோபம். கிழக்கு-மேற்கு என்றால் மேற்குக்கு முகம் தொங்கிவிடும். ஏகப்பட்ட கூட்டம் போட்டு ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். ஒற்றைப்படைத் தேதிகளில் மேற்கு முதலில் வரும், இரட்டைப்படைத் தேதிகளில் கிழக்கு முதலில் வரும். போன் எடுப்பவர்கள் வாயைத் திறப்பதற்கு முன் காலண்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முப்பத்தொன்றும் அடுத்த ஒன்றும் அடுத்தடுத்து ஒற்றைப்படையாக வந்து மேற்குக்கு ஒரு நாள் லாபம் போகிறதே என்று கிழக்கு ஆட்சேபித்தது. அந்த இரண்டாவது நாளில் மட்டும் பெயரே சொல்லாமல் இருமிவிட்டுப் பேசலாம் என்று தீர்மானம் ஆயிற்று.

ஏன் இத்தனை தாமதம் என்று ஒரு நிருபர் கேட்டுவிட்டான். தலைவர் கொதித்துப் போனார்.

"என்னங்க கேள்வி இது? அவசரப்பட்டு முடிவெடுக்கிற விஷயமா? இது அவசர சேவைங்க! உயிர் சம்பந்தப்பட்டது. போன உயிரை யாரும் திருப்பிக் கொண்டுவர முடியாது. அதைப் பத்தி ஆராயத்தான் ஒரு துணைக் குழு போட்டிருக்கோம்."

வெளியூரிலிருந்து ஒரு நிபுணரையும் வரவழைத்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அவர் பேசினார். "நான் இதுவரைக்கும் ஒரு ஆம்புலன்ஸ்லகூட ஏறினதில்லை. அதனாலதான் இந்த விஷயத்தை என்னால நடுநிலையா பாக்க முடியுது. உங்க ரெண்டு ஊர்லயும் ஒரே ஒரு குறை. ஜனங்க திடீர் திடீர்னு கூப்பிடறாங்க. முன்கூட்டியே திட்டமிட்டுக் கூப்பிட்டா சேவை எவ்வளவோ மேம்படும்." குழு எழுந்து நின்று கைதட்டியது.

இணைப்பே செலவைக் குறைக்கத்தானே? இரண்டு இயக்குநர் எதற்கு, ஒருவர் போதும் என்றார்கள். யாரைப் போகச் சொல்வது? இருவரும் இருக்கட்டும், இருவருக்கும் மேலே ஒரு தலைமை இயக்குநர் இருக்கட்டும், மூவருக்கும் ஆளுக்கொரு துணை இயக்குநர் இருக்கட்டும் என்று ஏற்பாடாயிற்று. செலவு எங்கேயாவது குறைய வேண்டுமே என்று போன் எடுப்பவர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தத் துணை இயக்குநர் நாற்காலிகளில் ஒன்று மாடி அண்ணனுக்குக் கிடைத்தது.

அண்ணன் மாடியைக் காலி செய்துவிட்டு அலுவலகம் கொடுத்த வீட்டுக்குப் போனார். அப்பா மாடியை வேறு யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. "அவன் எப்பவாச்சும் வந்தா தங்கணும்ல" என்று கட்டிலைத் தட்டிப் போட்டு வைத்தார். ஹலோவுக்கோ பெருமை தாங்கவில்லை. அறையில் எல்லாருக்கும் கேட்கும்படி "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டாள். ஒருநாள் அவர் அவளைத் தனியாக அழைத்தார்.

"தப்பா நினைச்சுக்காதேம்மா. எனக்கு நீ எப்பவும் தங்கச்சிதான். ஆனா ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் அண்ணான்னு கூப்பிடறே பாரு, அது ஒரு மாதிரி இருக்கு. சார்னு கூப்பிடேன்."

"சரிண்ணா" என்றாள் ஹலோ. நாக்கு வளைந்தால்தானே! அவர் முகம் சுளித்தார். அவள் அதைக் கவனிக்கவில்லை. வெள்ளந்திகள் எதைத்தான் கவனிக்கிறார்கள்?

இதற்கிடையில் குழு வண்டிகளுக்கு வந்து சேர்ந்தது. மேற்கு வண்டி வெள்ளை, கிழக்கு வண்டி மஞ்சள். இணைந்த வண்டிக்கு எந்த நிறம்? பாதிப் பாதி. இடது பக்கம் வெள்ளை, வலது பக்கம் மஞ்சள். கோட்டுத் தெருவில் மட்டும் ஒரு நுணுக்கமான சிக்கல். மேற்கு வரிசைக்காரர்கள் வெள்ளையையும் கிழக்கு வரிசைக்காரர்கள் மஞ்சளையும் பார்க்க வேண்டும் என்றால், வண்டி தெற்கிலிருந்து வடக்கே போனால்தான் சரியாக வரும். வடக்கிலிருந்து தெற்கே வந்தால் நிறம் மாறி அடுத்த ஊர்க்காரன் வண்டி போலத் தெரியும். ஆகையால் கோட்டுத் தெருவில் தெற்கு நோக்கி வரும் வண்டி ரிவர்ஸில்தான் வர வேண்டும் என்று விதி போட்டார்கள். இந்த யோசனையைச் சொன்ன உறுப்பினருக்கு ஒரு பாராட்டுத் தீர்மானமும் போட்டார்கள்.

அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடி அண்ணன் வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பெரியவன் வந்திருக்கான், டீ போடு, டீ போடு" என்று ஹலோவை விரட்டினார். அண்ணன் அப்பாவின் மார்பைத் தடவிக் கொடுத்து, "இப்ப மூச்சு எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே அப்பாவுக்குப் பாதி குணமாகிவிட்டது.

டீ குடித்தபடி அண்ணன் ஹலோவிடம் சொன்னார்: "அடுத்த கூட்டத்துக்கு உன்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கேன். நீ அந்தப் பச்சை போனைப் பத்திச் சொல்லு. மனசு விட்டுச் சொல்லு. அதைக் கேட்டாதான் அவங்களுக்கு உறைக்கும், இணைச்சா எவ்வளவு நல்லதுன்னு. நம்ம அப்பா மாதிரி ஆளுங்க இந்தத் தெருவுல எத்தனை பேர்!"

"நீங்களே சொல்லலாமேண்ணா? நீங்கதானே அதை ஆரம்பிச்சீங்க?"

"நான் சொன்னா அதிகாரி சொல்றான்னு ஆயிடும். நீ சொன்னா அது ஜனங்க குரல்."

"யார்கிட்டயும் கேக்காம வச்ச போனாச்சேண்ணா. வம்புல மாட்டிக்குவேனோ?"

"நான் இருக்கேன்ல?"

அப்பாவும் கூடச் சேர்ந்துகொண்டார். "அவன் இருக்கறப்ப உனக்கென்னடி பயம்?"

ஹலோ மூன்று ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினாள். நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள்.

கூட்ட அறையில் நீளமான மேசை, குளிர் விறைக்கிற ஏசி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். ஹலோவுக்குக் கதவோரம் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் எழுந்து நின்று, பச்சை போன் எப்படி வந்தது, எப்படி வேலை செய்கிறது, கிழக்கக்காவும் தானும் எப்படி வண்டிகளை மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். 

யாரும் கைதட்டவில்லை. தலைவர் மெதுவாகக் கேட்டார். "அப்ப, நாங்க இவ்வளவு காலமா ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருக்கிற இணைப்பு ஏற்கெனவே நடந்துக்கிட்டு இருக்குன்னா சொல்றீங்க?"

"ஆமாங்க. நல்லாவே நடக்குதுங்க."

"அனுமதி இல்லாமலா?"

சட்ட ஆலோசகர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஐயா, இது விபரீதம். இணைஞ்சிருக்கிற ரெண்டை எப்படிங்க இணைக்க முடியும்? சட்டத்துல இடமே இல்லை. முறையா இணைக்கணும்னா, முதல்ல முறையா பிரிக்கணும்."

"இணைப்புக்கே குழி பறிச்சிருக்காங்க" என்றார் ஒரு உறுப்பினர். "நம்ம எல்லாரோட உழைப்பையும் கேவலப்படுத்திட்டாங்க" என்றார் இன்னொருவர்.

தலைவர் கேட்டார்: "இந்தப் போனை வச்சது யார்?"

ஹலோ மாடி அண்ணனைப் பார்த்தாள். பயத்தோடு அல்ல, சந்தோஷத்தோடு பார்த்தாள். இப்போது அவர் எழுந்து நின்று, அந்த நாளைப் பற்றி, தோளில் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பற்றிச் சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் எழுந்து நிற்கவும் செய்தார்.

"ஐயா, எனக்கே இப்பதான் தெரியுது" என்றார். "என் கண்ணுக்குக் கீழ இப்படி ஒண்ணு நடந்திருக்குன்னு நினைச்சா வெக்கமா இருக்கு. பச்சை போனை இன்னைக்கே நானே முன்ன நின்னு எடுத்துடறேன்."

ஹலோ கதவோர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பச்சை போன் விஷயம் எப்படியும் வெளியே வரப்போகிறது, சட்ட ஆலோசகர் மோப்பம் பிடித்துவிட்டார் என்பது அண்ணனுக்கு முன்பே தெரியும். யார் வாயிலிருந்து அது வர வேண்டும் என்பதை மட்டும்தான் அவர் டீ குடித்தபடி ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதற்கு ஒரு சொட்டு ரத்தம்கூடச் சிந்த வேண்டியதில்லை.

அன்று சாயங்காலமே வயரைப் பிடுங்கினார்கள். அண்ணன் முன்னே நின்றார். ஹலோவுக்கும் கிழக்கக்காவுக்கும் ஆளுக்கொரு மெமோ வந்தது. பச்சை போனைத் துடைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, புது அலுவலக வரவேற்பறையில் நிறுத்தினார்கள். 'இணைப்பின் முதல் சின்னம்' என்று கீழே ஒரு பித்தளைப் பலகை.

வராந்தாவில் அவளைத் தனியாகப் பிடித்த அண்ணன் குரலைத் தாழ்த்திப் பேசினார். "உன் நல்லதுக்குதாம்மா அப்படிச் சொன்னேன். என் பேரும் அதுல வந்திருந்தா உன்னைக் காப்பாத்த உள்ள ஆள் இருந்திருக்காது. உன் வேலையைத் தக்கவச்சதே நான்தான் தெரியுமா?"

அவள் அதையும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? வேறொரு அண்ணனுக்கு அவள் எங்கே போவாள்? வீட்டில் அப்பாவிடம் மெமோவைப் பற்றி மூச்சு விடவில்லை. கூட்டம் எப்படி நடந்தது என்று கேட்டவரிடம், "அண்ணன் பாத்துக்கிட்டாருப்பா" என்றாள். அது பொய்யும் இல்லை.

இணைப்பு விழாவுக்கு முந்தின நாள் பகல். கோட்டுத் தெருவின் வடக்கு முனையில் இருக்கும் மண்டபத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. இரட்டை நிற வண்டியைக் கழுவித் துடைத்து, காகிதப் பூச் சுற்றி வாசலில் நிறுத்தியிருந்தார்கள். மேற்கு அறையில் புது கம்ப்யூட்டர் மட்டும் ஒருநாள் முன்னதாகவே வேலையை ஆரம்பித்திருந்தது. ஹலோ தனியாக உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது.

காலண்டரைப் பார்த்தாள். இரட்டைப்படை. "வணக்கம், கிழக்கு-மேற்கு ஒருங்கிணைந்த அவசர சேவை..."

"ஏண்டி ஹலோ, நான்தான்டி!" பக்கத்து வீட்டுத் தையற்காரம்மாவின் குரல். "உங்கப்பாவுக்கு மூச்சு வாங்குதுடி. உதடெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. அந்த மருந்தை அடிச்சுப் பாத்துட்டோம், கேக்கலை. சீக்கிரம் வண்டி அனுப்புடி!"

ஹலோவின் கை தானாக மேசையின் இடது மூலைக்குப் போனது. அங்கே பச்சை போன் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தூசித் தடம்தான் இருந்தது.

கம்ப்யூட்டர் கேள்விகளைக் கேட்டது. பதில் அடிக்காமல் அடுத்த பக்கம் திறக்காது. அழைப்பவர் கோட்டுக்கு எந்தப் பக்கம்? நோயாளி கோட்டுக்கு எந்தப் பக்கம்? அவசரத்தை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் அழைப்பவர் எப்படி மதிப்பிடுகிறார்? அவள் அழுதுகொண்டே ஐந்து ஐந்தாகத் தட்டினாள். கடைசியில் 'கிழக்கு முகவரி. கூட்டு ஒப்புதல் மேசைக்காகக் காத்திருக்கவும்' என்று வந்து நின்றுவிட்டது. அந்த மேசையில் இரண்டு பேர், ஊருக்கு ஒருவர். இரண்டு பேரும் சேர்ந்து பட்டனை அமுக்கினால்தான் வண்டி நகரும். இரண்டு பேரும் அப்போது மண்டபத்தில் ரிப்பனின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

தன் சொந்த செல்லில் மாடி அண்ணனைக் கூப்பிட்டாள். பின்னால் மைக் சோதிக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணா, அப்பாவுக்கு மூச்சு. வண்டி அங்கதான் வாசல்ல நிக்குது. நம்ம வீடு அங்கேர்ந்து கூப்பிடற தூரம்ணா. ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா."



"மேசைக்கு அனுப்பிட்டியா?"

"மேசையில யாருமே இல்லைண்ணா! எல்லாரும் உங்க பக்கத்துல நிக்கறாங்க!"

"பாரும்மா, இப்ப தலைவர் வேற பக்கத்துல இருக்கார். முதல் நாளே நானே விதியை மீறினா எப்படி? உங்கப்பாங்கறதுக்காக நான் ஒரு விதியை உடைச்சா, நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. எல்லாருக்கும்தான் அப்பா இருக்காங்க." குரல் இன்னும் இறங்கியது. "ஒத்திகை முடிஞ்சதும் பாக்கறேன்."

உங்கப்பா என்றார். நம்ம அப்பா என்று ஒரு காலத்தில் அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹலோ கிழக்கு அறையின் பொது எண்ணுக்குப் போட்டாள். கிழக்கக்கா காலண்டர் பார்த்துக் கடகடவென்று வணக்கம் சொன்னார். "அக்கா, நான்தான். எங்கப்பாவுக்கு மூச்சு. வண்டி மண்டப வாசல்ல சும்மா நிக்குது" என்றாள். அந்தப் பக்கம் மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம். "பின்னால நிக்கறாங்க தங்கம்" என்று ஒரு கிசுகிசுப்பு வந்தது. அப்புறம் சத்தமாக, "உங்கள் அழைப்பைப் பதிவு செய்துகொண்டோம்." அப்புறம் மறுபடியும் கிசுகிசுப்பு: "டிரைவர் என் தம்பி முறை. செல்லுல சொல்றேன்."

கிழக்கக்கா சொன்னார், வண்டியும் கிளம்பியது. ஆனால் வீடு மண்டபத்துக்குத் தெற்கே. தலைவரும் நிபுணரும் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது டிரைவர் என்ன செய்வான்? ரிவர்ஸில் வந்தான். காகிதப் பூ ஆட, பீப் பீப் என்று கத்திக்கொண்டு, கோட்டுத் தெருவில் அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தது அந்த வண்டி. மேற்கு வரிசைக்கு வெள்ளையும் கிழக்கு வரிசைக்கு மஞ்சளும் கனகச்சிதமாகத் தெரிந்தன.

அது வீட்டு வாசலுக்கு வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. தண்ணீர் கேன் போட வந்தவர், தையற்காரம்மா போட்ட கூச்சலைக் கேட்டு, கேன்களையெல்லாம் தெருவில் உருட்டித் தள்ளிவிட்டு, அப்பாவை அந்தச் சின்ன வேனில் படுக்க வைத்துக்கொண்டு எப்போதோ பறந்துவிட்டார்.

அப்பா பிழைத்தார். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கையை விரித்திருப்போம் என்று டாக்டர் சொன்னார்.

மருத்துவமனையில் பெயரைப் பதிந்ததுமே கம்ப்யூட்டர் தானாக அழைப்பை முடித்துக்கொண்டது. மறுநாள் விழாவில் தலைமை இயக்குநர் அதை மேடையிலேயே படித்தார். "இணைந்த சேவையின் முதல் அழைப்பு! நோயாளி உரிய நேரத்தில் மருத்துவமனை சேர்ந்தார். நமக்கு எரிபொருள் செலவு, ஆக்சிஜன் செலவு, ஒன்றுமே இல்லை. வண்டியில் ஏற்றாமலேயே ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறோம். பழைய முறையில் இது சாத்தியமா?" முறை தவறாமல் நடந்துகொண்ட துணை இயக்குநருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

அந்தக் கேடயத்தோடும் ஒரு போட்டோக்காரரோடும் மாடி அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர் கேன்காரர், அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"நீங்க கொஞ்சம் அந்தாண்ட தள்ளிக்கங்க, படத்துல விழறீங்க" என்றார் போட்டோக்காரர். கேன்காரர் நல்ல பிள்ளையாக வராந்தாவுக்குப் போய்விட்டார்.

அப்பா மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். அண்ணனைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டார். குரல் இன்னும் காற்றாகத்தான் வந்தது.

"எனக்குத் தெரியும்டா பெரியவனே. யாரோ தண்ணி வண்டில தூக்கிட்டுப் போனாங்கன்னாங்க. நீதான் அனுப்பியிருப்பே. நீ இருக்கறப்ப என்னைச் சாக விடுவியா?"

ஹலோ அண்ணனைப் பார்த்தாள். அன்றைக்குக் கூட்டத்தில் பார்த்த மாதிரியே பார்த்தாள். இந்த ஒரு தடவை, இந்த ஓர் இடத்திலாவது, இல்லைப்பா என்று சொல்லிவிடு, உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்பது போலப் பார்த்தாள். அண்ணன் கேமராவைப் பார்த்தார். அப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்து, கேடயம் நன்றாகத் தெரிகிற மாதிரி நெஞ்சுக்கு நேராகச் சாய்த்து வைத்துக்கொண்டார்.

"இதெல்லாம் என் கடமைப்பா" என்றார்.

பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம் என்றார் போட்டோக்காரர். இன்னொன்றும் எடுத்தார்கள்.

புறப்படும்போது அண்ணன் ஒரு கையால் அப்பாவின் கையைப் பிடித்தபடியே, மறு கையால் ஹலோவின் தோளைத் தட்டினார். "உடம்பைப் பாத்துக்கோம்மா. எது வேணும்னாலும் எனக்கு ஒரு போன் போடு."

ஹலோ எழுந்து நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அவ்வளவு நாளாக வளையாத நாக்கு அன்றைக்கு வெகு சுலபமாக வளைந்தது.

"சரிங்க சார்" என்றாள். "போயிட்டு வாங்க சார்."

கட்டிலில் அப்பாவின் கண்கள் அவள் முகத்துக்கு வந்தன. அங்கிருந்து அண்ணன் முகத்துக்குப் போயின. மறுபடியும் அவளிடமே வந்து நின்றன. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் அவரைச் சார் என்று கூப்பிட்டதில்லை. அண்ணனின் கைக்குள் இருந்த தன் கையை அப்பா மெல்ல உருவி, போர்வைக்குள் வைத்துக்கொண்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

துணை இயக்குநர் இது எதையும் கவனிக்கவில்லை. அவருக்கு மனசு நிறைந்திருந்தது.

"பாத்தியா, இப்பதான் நீ முறையா பேசப் பழகியிருக்கே" என்று மெச்சிவிட்டு, கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். வராந்தாவில் நின்றிருந்த தண்ணீர் கேன்காரர் மரியாதையாக ஒதுங்கி அவருக்கு வழி விட்டார்.